பெருக்கலுக்குப் படம் போடுவது எப்படி? கேள்வி-பதில்

கே: மகள் மூன்றாம் வகுப்பு. கத்தரிக்காய்க் கணக்கு வந்தால் ஒவ்வொரு காயையும் காம்போடு வரைகிறாள். ஒரு கணக்குக்கு அரை மணி நேரம் ஆகிறது. (அணைக்கட்டு)

ப: நம் ஊர் முள்ளு கத்தரிக்காய் என்றால் முள்ளையும் வரைவாள் போலிருக்கிறது. கூடைக்கு ஒரு வட்டம், காய்க்கு ஒரு புள்ளி, போதும். கணக்குப் படம் ஓவியம் இல்லை.

கே: 5 × 3, 3 × 5 இரண்டும் ஒன்றுதானே? மாற்றி எழுதியதற்குப் பையனுக்கு மார்க் குறைத்துவிட்டார்கள். (ஆம்பூர்)

ப: விடை ஒன்று, கதை வேறு. 5 தட்டில் மும்மூன்று இட்லி. 3 தட்டில் ஐந்தைந்து இட்லி. தட்டு வரைந்தால் வித்தியாசம் தெரியும். அதே இட்லியை வரிசை வரிசையாகப் புள்ளி வைத்துத் தாளைத் திருப்பிப் பிடித்தால் ஒன்றாகிவிடும். இரண்டையும் அவன் பார்க்கட்டும். மார்க் குறைத்தது எனக்கும் பிடிக்கவில்லை. (ஆம்பூர் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். எனக்கு இன்னும் வேலூர்க் கடிதம்தான்.)

கே: பையனுக்குப் பெருக்கல் கணக்கு வரவில்லை. வழி சொல்லவும். (ஊர் எழுதவில்லை)

ப: எந்த வகுப்பு? எந்தக் கணக்கு? அவன் என்ன எழுதினான்? தப்பாகப் போட்ட கணக்கை அப்படியே அனுப்புங்கள், பிறகு பேசலாம்.

கே: 'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மடங்கு' வந்தால் பெருக்கு என்று சொல்லித்தருகிறேன். ஆனாலும் பாதிப் பேர் தப்பாகப் போடுகிறார்கள். (ஆசிரியை, குடியாத்தம்)

ப: 'ஆனாலும்' இல்லை டீச்சர், அதனால்தான். இந்தக் குறுக்குவழியை முப்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். "ஒரு பெட்டியில் 50 தீக்குச்சி. 6 பெட்டியில் மொத்தம் எத்தனை?" 'மொத்தம்' இருக்கிறதே என்று கூட்டினால் 56. தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர்ப் பிள்ளை இப்படி எழுதலாமா?

அடுத்து இதைக் கொடுத்துப் பாருங்கள்: "ரவியிடம் 12 கோலி. இது மணியிடம் இருப்பதைப் போல் 3 மடங்கு. மணியிடம் எத்தனை?" பாதி வகுப்பு 36 என்று எழுதும். அதிகம் வைத்திருப்பவன் ரவி என்பதையே கவனித்திருக்க மாட்டார்கள். பட்டை போடச் சொல்லுங்கள். மணிக்கு ஒரு பட்டை. கீழே ரவிக்கு அதே நீளத்தில் மூன்று. 12 என்பதை எங்கே எழுதுவது? ரவியின் மூன்றுக்கும் சேர்த்து. ஒரு பட்டை 4 என்று பிள்ளையே சொல்லிவிடும். சிங்கப்பூரில் 1980களில் பட்டைப் படத்தைப் பாடத்தில் சேர்த்ததும் பிள்ளைகள் இப்படி வாழ்க்கைக் கணக்கில் தடுமாறியதால்தான். குறி போடுவதற்கு முன் இரண்டே கேள்வி: ஒரு குழுவில் எத்தனை? எத்தனை குழு?

கே: படம் போட்டுப் பழகினால் வாய்ப்பாடு மறந்துவிடாதா? (வாலாஜாபேட்டை)

ப: மறக்காது. எதை எதால் பெருக்குவது என்று படம் சொல்லும், பெருக்கித் தருவது வாய்ப்பாடு. இரண்டும் வேண்டும்.

கே: இதற்கு நல்ல ஆப் எது? (சத்துவாச்சாரி)

ப: புளியங்கொட்டை.

கே: 24 × 13-க்கெல்லாம் புள்ளி வைக்க முடியுமா? (காட்பாடி)

ப: வேண்டாம், கை வலிக்கும். ஒரு செவ்வகம் போடுங்கள். நீளத்தை 20, 4 என்றும் அகலத்தை 10, 3 என்றும் பிரித்தால் நான்கு கட்டம்: 200, 40, 60, 12. கூட்டினால் 312. பிள்ளைகள் 200-ஐயும் 12-ஐயும் மட்டும் கூட்டி 212 என்று நிறுத்துவார்கள். காலியாகக் கிடக்கும் இரண்டு கட்டத்தைக் காட்டினால் போதும். ஸ்கேல் கேட்டால் கொடுக்காதீர்கள். கோடு கோணலாக இருக்கட்டும், ஓவியம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.