கொடுங்கோன்மை என்றால் என்ன? சர்வாதிகாரமும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ‘கொடு’ என்பதற்கு வளைந்த என்ற பொருள் உண்டு. அரசனின் கோல் நேராக நின்றால் செங்கோல்; நீதி தவறி வளைந்தால் கொடுங்கோல். ‘கொடுங்கோல்’ என்பதோடு ‘மை’ சேர்ந்து கொடுங்கோன்மை ஆனது (நல் + மை நன்மை ஆவது போலத்தான்).

சிலப்பதிகாரத்தில் இதை அழகாகப் பார்க்கலாம். கோவலனுக்குத் தவறான தீர்ப்பு அளித்ததை உணர்ந்து பாண்டியன் உயிர்விட்டதும், வளைந்த கோலை அவன் உயிரே நிமிர்த்திச் செங்கோலாக்கியது என்கிறார் இளங்கோ. திருக்குறளில் 56-ஆம் அதிகாரத்தின் பெயரே கொடுங்கோன்மை. அதில் 552-ஆம் குறள் எனக்கு மிகவும் பிடித்தது. கோலோடு நிற்கும் அரசன் குடிமக்களிடம் பொருள் கேட்பது, வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரன் ‘கொடு’ என்பது போலவாம். எவ்வளவு துணிச்சலான வரி!

சரி, சர்வாதிகாரம்? அதிகாரம் முழுதும் ஒரே கையில் குவிவது அது. கொடுங்கோன்மையோ, அதிகாரம் மக்களை எப்படி வதைக்கிறது என்பதைச் சொல்கிறது. தேர்தலில் வென்ற அரசும் கொடுங்கோன்மையாக நடந்துகொள்ளலாம்.

ஆளைச் சொல்லும்போது ‘கொடுங்கோலன்’, ஆட்சியைச் சொல்லும்போது ‘கொடுங்கோலாட்சி’ என்று எழுதுங்கள். வெறுமனே கண்டிப்பான அதிகாரிக்கு இந்தச் சொல் வேண்டாம். அநீதி இருந்தால்தான் பொருந்தும்.