வெள்ளைச் சிறகில் சிவப்புப் புள்ளி: அது அந்துப்பூச்சிதான்

வணக்கம். தரிசுப் புல்லில் பட்டப்பகலில் பறந்த, வெள்ளை மேல் சிவப்பும் கறுப்பும் தெளித்த பூச்சி பட்டாம்பூச்சியா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது யூடெதைசா (Utetheisa) பேரினத்து அந்துப்பூச்சி. பகலில் பறப்பதால் பலரும் ஏமாறுவது இதில்தான்.

முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். பட்டாம்பூச்சிக்கு நுனி குண்டாக இருக்கும். இதற்கு நூல் மாதிரி கடைசிவரை மெலிந்தே போகும். உட்காரும்போது சிறகை உடம்போடு ஒட்டிச் சுருட்டிக்கொண்டு புல்தண்டில் சின்னக் குச்சிபோல் ஒட்டியிருக்கும். எழுந்தால் வெள்ளைப் பின்சிறகும் அதன் ஓரத்தில் நெளிநெளியான கறுப்புக் கரையும் தெரியும். விரித்த சிறகு 3 முதல் 4 செ.மீ. வரை.

பக்கத்தில் கிலுகிலுப்பைச் செடி இருக்கிறதா? இருந்தால் காயைப் பிளந்து பாருங்கள். சாம்பல் நிற உடம்பில் வெள்ளைக் கோடும் ஆரஞ்சுப் பட்டையுமாக மயிர்ப்புழு இருந்தால் சந்தேகமே வேண்டாம். செடியின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால்தான் இதற்கு இவ்வளவு பளிச்சென்ற நிறம், ஒளியவேண்டிய தேவை இல்லை.

இந்தியாவில் இந்தப் பேரினத்தின் புல்செல்லா, லோட்ரிக்ஸ் என்ற இரண்டு இனங்களும் உண்டு, மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் பின்சிறகு விரிந்த படம் ஒன்று கட்டாயம் எடுங்கள். தயவுசெய்து பிடித்துக் குத்திவைக்க வேண்டாம். காலை வெயில் ஏறுமுன் போனால் அசையாமல் இருக்கும், நிதானமாக எடுக்கலாம்.