120 குதிப்பு, கையில் 500 டாலர்: கேமரா இப்போதே வாங்கலாமா?

ஸ்கைடைவிங்கில், அதாவது விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பதில், 120 குதிப்பு முடிந்துவிட்டது, கையில் 500 டாலர் இருக்கிறது, பழைய கோப்ரோ கேமரா ஒன்றை ஹெல்மெட்டில் மாட்டி இந்த சீசனிலேயே ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொன்னால் கோபம் வரலாம், ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்கப் பாராசூட் சங்கம் சி லைசென்ஸுக்குப் (குதிப்பவர்களுக்கான உரிமங்களில் மூன்றாம் படி) பிறகே கேமரா என்று பரிந்துரைக்கிறது. அதற்கு 200 குதிப்பு வேண்டும்.

"சின்ன கேமராதானே" என்பதெல்லாம் சும்மா பேச்சு. விரியும் பாராசூட்டின் கயிறு சிக்கிக்கொள்ள விரலளவு இடுக்கு போதும்.

அந்தப் பணத்தில் முதலில் காதருகே ஒலித்து உயரத்தை எச்சரிக்கும் ஆல்டிமீட்டர் வாங்குங்கள். குப்புற விழும்போது ஐந்தரை வினாடிக்குச் சுமார் 1000 அடி உயரம் கரைகிறது. ஃபிரேமில் கண் வைத்தவனுக்கு அது தெரியாது. மிச்சத்தை நன்றாகப் பறப்பவர்களோடு குரூப் ஜம்ப்புக்குச் செலவழியுங்கள். வானில் ஒருவருக்கு எதிரே ஆடாமல் நிற்கத் தெரியாவிட்டால் எந்த கேமராவும் உதவாது.

200 தாண்டியதும் கேமராவை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம், பழைய மாடலே தாராளம். அதை ஹெல்மெட்டில் பொருத்தும் மவுண்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஹெல்மெட்டோடு ஒட்டிப் படுத்திருக்கும் வகையாகப் பாருங்கள். மாட்டியபின் ஒரு ஷூ லேஸை அதன்மேல் போட்டு எல்லாப் பக்கமும் இழுங்கள். லேஸ் சிக்குகிற இடத்தையெல்லாம் டேப்பால் மூடுங்கள். அப்புறம், கயிறு சிக்கினால் ஒரே கையால் ஹெல்மெட்டைக் கழற்றி எறியும் வசதி கட்டாயம். கையுறையோடு தரையில் பழகுங்கள்.

பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக் குதிப்பவர்களை (டேண்டம்) வீடியோ எடுத்துச் சம்பாதிப்பது ரொம்பத் தள்ளி, அதை இப்போது கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, ஹெல்மெட் என்ன மாடல்?