சங்கீதங்களைக் கொண்டு ஜெபிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வேதாகமத்தில் உள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்களைத் தினமும் வாசிக்கிறேன். ஆனால் அது ஜெபமாக மாறுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வேகத்தைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம் போதும். வாய்விட்டு வாசியுங்கள், எந்த வசனத்தைத் தாண்ட மனம் வரவில்லையோ அங்கேயே நின்றுவிடுங்கள். 23ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். முதல் மூன்று வசனங்களில் தாவீது கர்த்தரைப் பற்றிப் பேசுகிறார். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும், "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று அவரிடமே பேசத் தொடங்கிவிடுகிறார். நீங்களும் அந்த இடத்தில் உங்கள் பயத்தைப் பெயர் சொல்லிக் கூறுங்கள். வாசிப்பு அங்கே ஜெபமாகிவிடும்.

கேள்வி: எனக்குக் கர்த்தர்மேல் கோபம் இருக்கிறது. ஜெபித்தும் பதில் இல்லை. இந்த மனநிலையில் துதிச் சங்கீதம் வாசித்தால் நடிப்பதுபோல் இருக்கிறதே?

பதில்: அப்படியானால் துதிச் சங்கீதத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், சகோதரி. 150 சங்கீதங்களில் முறையிடுகிறவை ஏராளம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் நேரடியாகவே கேட்கிறது. ஆறே வசனங்கள்தான், முடிவில் பாட்டுக்கு வந்துவிடுகிறது. அந்த முடிவுக்கு உங்களால் இன்று வர முடியாவிட்டால் 88ஐ எடுங்கள். அதில் ஆறுதலான முடிவே கிடையாது. சிநேகிதரும் விலகிப்போன தனிமையோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் அந்த மனிதர் இரவும் பகலும் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. விசுவாசம் குறைந்தவர்களின் புலம்பல் என்று இவற்றைச் சிலர் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடிவதில்லை. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியை இயேசுவே சிலுவையில் கதறிச் சொன்னார். உங்கள் கோபத்தைக் கர்த்தரைவிட்டு விலகி நின்று மனதுக்குள் வளர்ப்பதைவிட, அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எதிரிகளைச் சபிக்கும் சங்கீதங்களை என்ன செய்வது? இயேசு சத்துருக்களை நேசிக்கச் சொன்னாரே?

பதில்: கடினமான கேள்விதான். 137ஆம் சங்கீதம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களின் அழுகை; அதன் கடைசி வசனத்தை வாசிக்க எனக்கும் நடுக்கமாகத்தான் இருக்கிறது. 109உம் இலேசானதல்ல. ஆனால் அந்தச் சங்கீதக்காரர் பட்டயத்தை எடுக்கவில்லை, வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். உங்களுக்கு அநியாயம் செய்தவரை மன்னிக்க முடியாத நாளில், அந்த வெறுப்பையும் அப்படியே அவர் முன்னால் வையுங்கள். இயேசுவின் கட்டளை இதனால் ரத்தாகிவிடாது. சொல்லித் தீர்த்தபின் அந்த மனிதருக்காக ஒரே ஒரு வரி ஜெபிக்க முயலுங்கள். அன்று வராவிட்டால் மறுநாள் முயலுங்கள்.

கேள்வி: 119ஐ ஒரே மூச்சில் வாசிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். நாளுக்கு ஒரு பகுதி போதும்.

கேள்வி: நான் மகிழ்ச்சியாக இருக்கும் நாளில் அழுகைச் சங்கீதம் வந்தால் தாண்டிவிடலாமா, ஐயா?

பதில்: தாண்டாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களில் அன்று அழுதுகொண்டிருப்பவர் யாரோ, அவருடைய இடத்தில் நின்று அதைச் சொல்லுங்கள். முடிந்தால் பிறகு அவரை விசாரியுங்கள்.