'கிரீன்ஹவுஸ்': அழுத்தம் எங்கே விழும்?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் மகள் 'கிரீன்ஹவுஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் தவறான பகுதியை அழுத்தி, அதாவது ஓங்கி, ஒலிக்கிறாள் என்றும், கூட்டுச்சொற்களை அசை பிரித்து மனனம் செய்யாவிட்டால் எஸ்.பி.எம். (மலேசியக் கல்விச் சான்றிதழ்) ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் மதிப்பெண் குறையும் என்றும் சொல்லி, ஒரு டியூஷன் முகவர் 150 ரிங்கிட்டுக்குப் புத்தகம் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பேச்சுத் தேர்வான மூன்றாம் தாளில் மாணவரை உரையாட வைக்கிறார்களே தவிர, சொல்லை அசை பிரித்துக் காட்டச் சொல்வதில்லை. அகராதியில் சொல்லின் நடுவே இட்டிருப்பதாக முகவர்கள் காட்டும் புள்ளிகளும் பெரும்பாலும் வரியின் முடிவில் சொல்லை எங்கே முறிக்கலாம் என்று அச்சுக் கோப்பவருக்குச் சொல்பவை. கூட்டுச்சொல்லை இரு சொற்களும் சேரும் இடத்தில் பிரித்தால் போதும்.

ஆனால் அழுத்தம் பொருளை மாற்றும். தமிழில் 'தந்த பலகை' ஒருவர் கொடுத்தது, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. நமக்கு ஒற்று செய்யும் வேலையை ஆங்கிலத்தில் அழுத்தம் செய்கிறது. 'கிரீன்' என்பதை அழுத்தினால் கேமரன் மலையில் காய்கறி வளர்க்கும் கூடாரம். 'ஹவுஸ்' என்பதை அழுத்தினால் பச்சைச் சாயம் பூசிய வீடு. எனவே, கூட்டுப் பெயர்ச்சொல்லில் முதற்பகுதியை அழுத்த வேண்டும்.

ஒரு விலக்கை மட்டும் உங்கள் மகள் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதற்சொல் பொருள் எதனால் ஆனது என்று சொன்னால், அழுத்தம் இரண்டாவது சொல்லுக்குப் போகும். பால்மரத்தைக் குறிக்கும் 'ரப்பர் ட்ரீ'யிலும், பால்வெட்டுத் தொழிலாளரைக் குறிக்கும் 'ரப்பர் டேப்பர்' என்பதிலும் 'ரப்பர்' ஓங்கும், ஏனெனில் மரமும் மனிதரும் ரப்பரால் ஆனவர்கள் அல்லர். 'ரப்பர் குளோவ்' ரப்பரால் ஆன கையுறை என்பதால் 'குளோவ்' ஓங்கும். 'பேப்பர் பேக்' என்பதும் அப்படியே. ஆனால் 'ஆரஞ்சு ஜூஸ்' ஆரஞ்சிலிருந்து வந்தாலும், அதில் முதற்சொல்லே ஓங்கும். ஜூஸ், கேக் என முடியும் சொற்கள் இந்த விலக்குக்கும் கட்டுப்படுவதில்லை.

பேச்சுக்குத் தனித்தாள் வைத்துவிட்டு, வகுப்பில் வாய் திறக்கப் போதிய நேரம் ஒதுக்காத பாடமுறைதான் இத்தகைய முகவர்களுக்குச் சோறு போடுகிறது. அந்தப் பெண் தினமும் பத்துச் சொற்களை இணைய அகராதியின் ஒலிப்பொத்தானை அழுத்திக் கேட்டு, உரக்கத் திருப்பிச் சொல்லட்டும்; அதற்குக் காசு தேவையில்லை. முன்பணம் கொடுத்திருந்தால், ரசீதைக் காட்டி இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள்.