வெண்புள்ளிக்கு ஒளி சிகிச்சை எடுத்தால் தோல் புற்றுநோய் வருமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மகளுக்குப் பாலக்காட்டில் ஒளி சிகிச்சை தொடங்கியிருக்கிறது, டானிங் படுக்கை (தோலைக் கறுக்க வைக்கப் புற ஊதா விளக்கில் படுக்கும் கருவி) புற்றுநோய் தரும் என்று படித்ததும் பயம் வந்துவிட்டது என்று.

டானிங் படுக்கை பற்றிப் படித்தது உண்மைதான். அதன் புற ஊதாக் கதிர் தோல் செல்லின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. தோல் கறுப்பதே அந்தச் சேதத்துக்கான எதிர்வினை. 2009-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புகையிலை இருக்கும் முதல் பிரிவிலேயே, அதாவது புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் பட்டியலிலேயே சேர்த்தது. பிரேசில் அதே ஆண்டு தடை செய்தது.

ஆனால் மகளுக்குத் தருவது பெரும்பாலும் 311 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய அலைவரிசை யுவிபி, புற ஊதாக் கதிரில் ஒரு வகை. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, குறைந்த அளவில் தொடங்கி, தோல் எவ்வளவு சிவக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, அடுத்தடுத்த நாளில் கிடையாது. இதனால் புற்றுநோய் கூடுவதாக இதுவரை தெளிவான சான்று இல்லை. தயவுசெய்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

தோலை ஒளிக்கு அதிகம் கூச வைக்கும் சோரலன் மாத்திரையோடு தரும் பூவா என்ற ஒளி சிகிச்சை வேறு. நீண்ட காலம் எடுத்தால் ஆபத்து கூடும். எது நடக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், நம் பக்கத்தில் வெண்புள்ளிக்குக் கார்போக அரிசி எண்ணெய் பூசுவார்கள் இல்லையா, அதிலும் சோரலன் இருக்கிறது. டாக்டருக்குத் தெரியாமல் அதைப் பூசிக்கொண்டு மெஷினில் நின்றால் தோல் கொப்புளிக்கலாம்.