சீனியாரிட்டியை மீட்க 8,000 ரூபாயா?

கேள்வி: பட்டப்படிப்பை 2009-ல் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். 2018-ல் புதுப்பிக்க மறந்துவிட்டேன். 8,000 ரூபாய் கொடுத்தால் பழைய சீனியாரிட்டியை (பதிவு மூப்பை) மீட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பதிவதற்கும் புதுப்பிப்பதற்கும் அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்பதெல்லாம் சும்மா. இந்த ஆட்கள் பழைய தேதி போட்டு ஒரு எம்ப்ளாய்மென்ட் கார்டை அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். பார்க்க அசலாகவே இருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பில் பதிவு எண்ணைக் கணினியில் தட்டினால் குட்டு உடையும். அப்போது மாட்டுவது நீங்கள், அவர் அல்ல.

விட்டுப்போன சீனியாரிட்டி திரும்பக் கிடைக்க ஒரே வழி, அரசு அறிவிக்கும் சிறப்புப் புதுப்பித்தல் சலுகை. 2017, 2018, 2019-ல் தவறவிட்டவர்களுக்கு 2021-ல் அப்படி ஓர் ஆணை வந்தது. நீங்களும் அதில் அடங்கியிருப்பீர்கள்; ஆனால் அதன் கெடு முடிந்துவிட்டது. இனி ஒரு சலுகை வந்தாலும், எந்தெந்த ஆண்டில் தவறியவர்களுக்கு என்று முதலில் பாருங்கள். உங்கள் 2018 அதில் இருந்தால்தான் உண்டு. இருந்தால் நீங்களே இணையத்தில் செய்துகொள்ளலாம். அதே படிவத்தை நிரப்பத்தான் தரகர் காசு கேட்பார். இதை ஒரு குறுஞ்செய்தியில் எல்லோருக்கும் தெரிவிக்க இத்தனை ஆண்டுகளாக அரசுக்கு என்ன கஷ்டமோ!

சரி, அந்த சீனியாரிட்டிக்கு இன்று என்ன மதிப்பு? இந்த அலுவலகங்கள் 1945-ல் போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்டவை. பிரிவினைக்குப் பின் அகதிகளுக்கும், 1948-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நிறுவனங்கள் காலியிடங்களை இந்த அலுவலகங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் 1959-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. இங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று அது சொல்லவே இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்ப் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் கொடுங்கள் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டுப் பெரியவர்கள் காத்திருந்த, நேர்காணலுக்கு அழைக்கும் அந்த ‘கார்டு’ இப்போது வருவது அபூர்வம்.

இப்போதைக்குப் புதிதாகப் பதிந்துவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்துப் புதுப்பிக்க வேண்டிய மாதத்தைக் கைபேசியில் குறித்து வையுங்கள். அப்புறம், டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுத இந்தப் பதிவே தேவையில்லை.